தத்துவ போதகர்

நுழையும்முன்

நடந்த ஒன்று நடந்தே தீரவேண்டியதா, வேறு விதமாகவும் நடந்திருக்கக்கூடுமா? வேறு ஊரில், வேறு பெற்றோருக்கு, வேறு காலத்தில் பிறந்திருந்தால் நான் நானாகவே இருந்திருப்பேனா? ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன், நாயக்கர் ஆட்சிக்கால மதுரையில், இவ்வினாக்கள் தமிழிலேயே வாதிடப்பட்டன. அவ்வாதத்தில் ஒரு பக்கம் நின்றவர் இத்தாலியிலிருந்து வந்து, தமிழ் கற்று, தமிழில் உரைநடை நூல்கள் யாத்தவர். அவருடைய வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

மதுரைக்கு வந்தவர்

1606ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் இருபத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் மதுரையை வந்தடைந்தார். இராபர்ட் டி நொபிலி என்பது அவருடைய பெயர். இத்தாலியின் தசுக்கனிப் பகுதியைச் சார்ந்த உயர்குடியொன்றில் 1577இல் பிறந்தவர். திருத்தந்தையர் சிலரோடும், அக்காலத்தின் பெரும் இறையியல் அறிஞரான கர்தினால் பெல்லார்மினோடும் உறவுடைய குடும்பம் அது. செல்வமும் பதவியும் காத்திருந்த வீட்டைத் துறந்து, குடும்பத்தாரின் விருப்பத்திற்கு மாறாக, நேப்பிள்சு நகரில் இயேசு சபையில் சேர்ந்தார். மெய்யியலும், உரோமையில் இறையியலும் பயின்றபின் கப்பலேறி, 1605 மே மாதத்தில் கோவாவை அடைந்தார். கொச்சியிலும் முத்துக்குளித்துறைக் கடற்கரையிலும் சில மாதங்கள் தங்கித் தமிழின் அரிச்சுவடியைத் தொடங்கியிருந்தார்.

மதுரை என்றதும் இன்று நம் நினைவுக்கு வரும் திருமலை நாயக்கர் அரண்மனையும் புதுமண்டபமும் அன்று எழவில்லை. ஆயிரங்கால் மண்டபம் இருந்தது. வையையில் வெள்ளம் வந்தது. வயல்கள் சூழ்ந்த கோட்டைக்குள் முத்துக் கிருட்டிணப்ப நாயக்கர் ஆண்டுகொண்டிருந்தார். கொன்சாலோ பெர்னாண்டசு என்னும் போர்ச்சுக்கீசியத் துறவி அங்கே ஒரு சிறு கோவிலையும் பள்ளியையும் நடத்திவந்தார். கடற்கரையிலிருந்து வாணிகத்தின் பொருட்டு வந்துசெல்லும் கிறித்தவர்களுக்கு அவர் தொண்டு செய்தார். பதினோர் ஆண்டுகள் உழைத்தும் மதுரைவாழ் மக்களுள் ஒருவரைக்கூட அவரால் தம் பக்கம் ஈர்க்க இயலவில்லை.

காரணத்தை நொபிலி விரைவில் கண்டுகொண்டார். மக்கள் அவர்களைப் பரங்கியர் என்று அழைத்தனர். அச்சொல்லைப் போர்ச்சுக்கீசியரைக் குறிக்கும் வெறும் இனப்பெயராகவே பெர்னாண்டசு கருதித் தாமும் பயன்படுத்திவந்தார். ஊராரோ மாட்டிறைச்சி உண்போர், மது அருந்துவோர், நீராடாதோர் என்னும் இகழ்ச்சிப் பொருளிலேயே அதை வழங்கினர். பரங்கியர் மார்க்கத்தில் சேர்வதென்றால் பரங்கியராகவே மாறுவது என்று அவர்கள் நினைத்ததில் வியப்பில்லை.

நொபிலி தம் கறுப்பு அங்கியைக் களைந்தார். காவியுடை, பாதக்குறடு, கமண்டலம் ஆகியவற்றை ஏற்றார். மண்சுவர்க் குடிலொன்றில் தனியே வாழத் தொடங்கினார். நாளுக்கொரு வேளை சோறும் காய்கறியும் உண்டார். புலாலையும் மதுவையும் விலக்கினார். தாம் பரங்கியர் அல்லர் எனவும், உரோமையில் அரசகுடியில் பிறந்து துறவு பூண்டவர் எனவும் அறிவித்துக்கொண்டார். தத்துவ போதகர் என்னும் பெயர் அவருக்கு வழங்கலாயிற்று. தெலுங்கு அந்தணரான சிவதருமர் அவருக்கு வடமொழி கற்பித்தார். அந்நிய நாட்டவருக்கு வேதமொழியைக் கற்பிப்பது அக்காலத்தில் எளிய செயலன்று. ஆசிரியருக்கும் அதில் இடர் இருந்தது.

இருபது நாள் உரையாடல்

மதுரையின் கல்விநிலையைக் கண்டு நொபிலி வியந்திருக்கிறார். பதினாயிரத்திற்கும் மேற்பட்ட மாணவர்கள் இங்கே பயில்கின்றனர் என்றும், இருநூறு முந்நூறு பேராகப் பிரிந்து வெவ்வேறு ஆசிரியர்களிடம் பாடங்கேட்கின்றனர் என்றும், அவர்களுடைய உணவுக்கு அரசர் மானியம் அளிக்கிறார் என்றும் 1610இல் எழுதிய கடிதமொன்றில் குறிப்பிட்டார். அந்த எண்ணிக்கையைத் துல்லியமான கணக்காகக் கொள்ளவேண்டியதில்லை. ஆயினும், வேதாந்தமும் தருக்கமும் பெருந்திரளாகப் பயிலப்பட்ட நகரம் இது என்பது அதனால் விளங்கும். எனவே நொபிலி காதும் நாவும் பழகிய கூட்டத்தின் நடுவிலேதான் வாதிட வந்திருந்தார்.

முதல் வாதம் ஒரு பள்ளியாசிரியரோடு நிகழ்ந்தது. அவர் சைவர், நொபிலிக்குத் தமிழ் கற்பித்தவர். நாள்தோறும் நான்கைந்து மணி நேரமாக இருபது நாள்கள் இருவரும் உரையாடினர். சிறிய செய்திகளைப் பற்றி அவர்கள் பேசவில்லை. உள்ளவற்றுள் எவை இல்லாமற்போக இயலாதவை என்பதே பேச்சின் அடித்தளமாக இருந்தது.

சைவ சித்தாந்தத்தின்படி பதி, பசு, பாசம் மூன்றும் தொடக்கம் அற்றவை. இறைவனைப்போலவே உயிரும் படைக்கப்பட்டதன்று; அது என்றும் உள்ளது. உடல்களே வந்து போகின்றன. இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது என்பது இந்நெறியின் உறுதியான கொள்கை. நொபிலி பயின்ற தாமசு அக்குவினாசின் மெய்யியல் இதற்கு மாறானது. அதன்படி, இல்லாமல் இருக்கவே இயலாத பொருள் ஒன்றே, அது கடவுள். ஏனையவை யாவும் இருக்கவும் கூடும், இல்லாமற்போகவும் கூடும். மலையும் கடலும் மனித உயிரும் கடவுள் விரும்பியதால் உள்ளன. அவர் விரும்பாதிருந்தால் இவை இருந்திரா. ஒருவர் தம் உயிரைத் தொடக்கமற்றது என்றார். மற்றவர் அதைத் தோன்றாமலே போயிருக்கக்கூடியது என்றார். இவ்விரண்டு நிலைகளுக்கும் இடையே உள்ள தொலைவை மாணவர்கள் சற்று நின்று எண்ணிப் பார்த்தல் நலம்.

அடுத்து ஆசிரியர் எழுப்பிய வினா கூர்மையானது. மறுபிறப்பு இல்லையெனில், ஒருவர் பார்வையின்றியும் ஒருவர் செல்வராகவும் பிறப்பதற்குக் காரணம் என்ன? குற்றமற்ற குழந்தைக்குத் துன்பத்தைத் தந்தவர் யார்?

நொபிலி இவ்வினாவை இன்னொன்றாகத் திருப்பினார். உயிர் உடலுக்குள் எவ்வாறு இருக்கிறது? கூண்டுக்குள் பறவை இருப்பதுபோல் உயிர் இருக்கிறது என்று கிரேக்க அறிஞர் பிளேட்டோ கருதினார். அப்படியாயின் பறவை ஒரு கூண்டைவிட்டு மற்றொன்றில் புகலாம். ஆனால் பிளேட்டோவின் மாணவர் அரிசுட்டாட்டில் வேறு வகையில் கருதினார். உயிர் உடலில் குடியிருக்கும் விருந்தாளியன்று. அந்த உடலை அந்த உடலாக ஆக்குகின்ற வடிவமே உயிர். ஒரு வளையலின் வடிவத்தை மட்டும் கழற்றி எடுத்து இன்னொரு பொன்கட்டியில் மாட்ட இயலாது அல்லவா? அதுபோல், என் உயிர் இன்னோர் உடலின் உயிராக இருந்திருக்க இயலாது என்பது அரிசுட்டாட்டிலின் வழியினர் கொள்ளும் முடிவு. நொபிலி அவ்வழியினர்.

இங்கே ஓர் இடர் உண்டு. வளையலை உருக்கினால் அதன் வடிவமும் அழியும். உயிர் உடலின் வடிவமே எனில், உடல் அழிந்தபின் உயிர் மட்டும் எஞ்சுவது எங்ஙனம்? நொபிலியோ உயிர் அழியாதது என்று நம்பியவர். ஐரோப்பிய மெய்யியலாரே பல நூற்றாண்டுகள் இவ்வினாவோடு போராடினர். எளிதாகக் கடந்துசெல்லக்கூடிய வாதத்தை எந்தப் பக்கத்தாரும் வைக்கவில்லை என்பதை இதனால் உணரலாம். இருபது நாள்களின் முடிவில் அப்பள்ளியாசிரியர் நொபிலியின் நெறியை ஏற்றார்.

கோவலனும் பரதனும்

மறுபிறப்பை மறுத்து நொபிலி தமிழில் ஒரு தனி நூலே எழுதினார். அதன் பெயர் புனர்சென்ம ஆட்சேபம். அந்நூலின் சிக்கலை மதுரையிலேயே நிகழ்ந்ததாக நாம் கற்ற கதையொன்றில் வைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும்.

சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வம் கண்ணகியின்முன் தோன்றிக் கோவலன் கொலையுண்டதன் காரணத்தைக் கூறுகிறது. முற்பிறப்பில் கோவலன் கலிங்க நாட்டுச் சிங்கபுரத்தில் பரதன் என்னும் அரச ஊழியனாக இருந்தான். அணிகலன் விற்க வந்த சங்கமன் என்னும் வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக்கொடுத்துக் கொல்வித்தான். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள்கள் அலைந்து திரிந்து, மலையேறி வீழ்ந்து உயிர்விட்டாள். அவளிட்ட சாபமே மதுரையில் வந்து விளைந்தது.

பரதன் செய்ததற்குக் கோவலன் தண்டனை பெறுவது முறையாகவேண்டுமாயின், கோவலனும் பரதனும் ஒருவனாகவே இருத்தல் வேண்டும். இருவருக்கும் உடல் வேறு, பெற்றோர் வேறு, நாடு வேறு. சங்கமன் என்ற பெயரே கோவலனின் நினைவில் இல்லை. பின் எதனால் இருவரும் ஒருவர்? இதுவே நொபிலியின் வினா. தான் செய்ததாக நினைவில்லாத குற்றத்திற்குப் பெறும் தண்டனை ஒருவனைத் திருத்தாது. ஆகவே அது தண்டனை ஆகாது என்பது அவர் வாதங்களுள் ஒன்று. மற்றொன்று தொடக்கத்தைப் பற்றியது. இப்பிறப்பின் ஏற்றத்தாழ்வுக்கு முற்பிறப்பு வினை காரணம், அதற்கு அதன் முற்பிறப்பு காரணம் என்று பின்னோக்கிச் சென்றால், முதற்பிறப்பின் ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் யாது?

சைவ நெறியிடம் இவற்றுக்கு விடைகள் இருந்தன. முதற்பிறப்பு என ஒன்று இருந்தாலன்றோ அந்த வினா எழும்? உயிரும் மலமும் தொடக்கமற்றவை. வினையும் பிறப்பும் வித்தும் மரமும்போலத் தொடர்ந்து வருபவை. நினைவின்மையும் வேறாந்தன்மையைக் காட்டாது. தாய்ப்பால் உண்ட நாளை எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அதனால் அக்குழந்தை நாமல்ல என்று கூறுவோமா? மேலும், வினையைச் செய்தவன், செய்த வினை, அதன் பயன், அப்பயனைக் கூட்டுவிப்பவன் என நான்கையும் சைவம் கொள்கிறது. வினையைத் தானே அறியாத உயிருக்கும் அதற்குரியதை மாறாமல் சேர்ப்பிப்பவன் இறைவன். எனவே நினைவு என்னும் சான்று அங்கே தேவைப்படவில்லை.

ஒருவரை ஒருவராகவே தொடரச்செய்வது நினைவா என்னும் இவ்வினா, நொபிலி மறைந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இங்கிலாந்தில் பெரும் பேச்சாயிற்று. சான் லாக் என்னும் மெய்யியலார் 1694இல் வெளியிட்ட தம் நூலின் இரண்டாம் பதிப்பில் அதற்கெனத் தனி இயல் ஒன்றைச் சேர்த்தார். நினைவே அடையாளம் என்பது அவர் கொண்ட முடிவு. மதுரையில் ஓலையில் எழுதப்பட்ட வாதம் அதற்கு முந்தையது.

விதியும் விருப்பும்

கோவலன் கதை இன்னொரு வினாவுக்கும் இடந்தருகிறது. அன்று அவன் அந்தப் பொற்கொல்லனைச் சந்திக்காமல் வேறு தெருவில் சென்றிருந்தால்? சிலம்பை மறுநாள் விற்கலாம் என்று மாதரியின் வீட்டிலேயே தங்கியிருந்தால்? இவ்வாறு நடந்திருக்கவும் கூடும் என்று நாம் எண்ணும்போது, உண்மையில் நிகழாத வேறோர் உலகை மனத்தில் அமைக்கிறோம். மெய்யியலார் இதனை இயலக்கூடிய உலகம் என்பர்.

அத்தகைய உலகம் எதுவும் இல்லை, நடப்பது யாவும் நடந்தே தீரவேண்டியது என்று கூறிய நெறியும் தமிழகத்தில் இருந்தது. ஆசீவகர் அதனை ஊழ் என்றனர். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் இயற்றிய மணிமேகலையில், வஞ்சிமாநகரில் சமயவாதிகள் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் காதையில் ஆசீவகவாதிக்கும் இடமுண்டு. சைவம் ஆசீவகத்தைப்போல் எல்லாவற்றையும் ஊழுக்கு விட்டுவிடவில்லை. ஈட்டிவைத்த தொல்வினை, இப்பிறப்பில் நுகரவேண்டிய ஊழ்வினை, இனிச் சேரும் ஏறுவினை என மூன்றாகப் பிரித்தது. நுகர்ச்சி முன்பே வரையறுக்கப்பட்டது, செயலுக்கோ இடமுண்டு. திருக்குறள் ஊழுக்கும் ஓர் அதிகாரம் வைத்தது, ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வைத்தது என்பதை நாம் அறிவோம்.

நொபிலி எதிர்த்தது மக்கள் நாவில் வழங்கிய தலையெழுத்து என்னும் எண்ணத்தை. தலையில் எழுதியபடியே ஒருவன் களவு செய்கிறான் என்றால், அவனைக் குற்றவாளி என்பது எப்படி? மனிதனுக்கு விருப்புரிமை உண்டு, அவன் வேறு விதமாகவும் செய்திருக்க இயலும் என்பதை அவர் வலியுறுத்தினார்.

இதே சிக்கல் அவர் புறப்பட்டுவந்த உரோமையிலும் தீராமல் கிடந்தது என்பதே சுவையான செய்தி. கடவுள் முக்காலமும் அறிந்தவர் எனில், நாளை நான் செய்யப்போவதை இன்றே அவர் அறிவார்; அப்படியாயின் நான் வேறு விதமாகச் செய்ய இயலுமா? இயேசு சபையைச் சேர்ந்த இலூயி தெ மோலினா என்னும் எசுப்பானியர் 1588இல் இதற்கொரு விடை எழுதினார். எந்த மனிதரை எந்தச் சூழலில் வைத்தால் அவர் தம் விருப்பப்படி என்ன செய்வார் என்பதையும் கடவுள் அறிவார். நிகழ்ந்த உலகை மட்டுமன்றி நிகழக்கூடிய உலகங்களையும் அறிவார் என்றார் அவர். தொமினிக்கன் சபையினர் இதைக் கடுமையாக எதிர்த்தனர். நொபிலி உரோமையில் மாணவராக இருந்த ஆண்டுகளில் திருத்தந்தையின் அவையில் இவ்வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவருடைய உறவினர் பெல்லார்மினும் அதில் பங்கேற்றார். 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல், தீர்ப்பேதும் கூறாமல், ஒருவரையொருவர் கண்டிக்கவேண்டா என்று இரு சபையினரையும் அனுப்பிவைத்தார். தம் வீட்டில் தீராத வழக்கைத்தான் நொபிலி மதுரைத் திண்ணையில் வாதிட்டுக்கொண்டிருந்தார்.

இயலக்கூடிய உலகங்கள் என்னும் கருத்தை முழுமையாக வளர்த்தவர் செருமானிய அறிஞர் இலைப்னிசு. நொபிலி மறைந்தபோது அவர் பத்து வயது நிரம்பாத சிறுவர். ஒருவரைப் பற்றிய ஒவ்வொரு செய்தியும் அவரை அவராக ஆக்குகிறது என்பது இலைப்னிசின் கருத்து. அதன்படி, கொலையுண்ணாத கோவலன் நம் கோவலன் அல்லன்; அவனைப் போன்ற வேறொருவன். இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க மெய்யியலார் சால் கிரிப்கி 1970இல் ஆற்றிய உரைகளில் இதை மறுத்தார். கோவலன் என்னும் பெயரைச் சொல்லி, அவன் தப்பியிருந்தால் என்று நாம் பேசும்போது அவனைப் பற்றியே பேசுகிறோம். ஒப்பான வேறொருவனைப் பற்றியன்று. ஆயினும் ஒருவர் தம் பெற்றோர் அல்லாத வேறு பெற்றோருக்குப் பிறந்திருக்க இயலாது என்றும் கிரிப்கி வாதிட்டார். பரதனும் கோவலனும் ஒருவரே என்பதை அவரும் ஏற்றிருக்கமாட்டார்.

குடுமியும் பூணூலும்

கொள்கை அளவில் நொபிலி விவாதித்த வினா, அவருடைய வாழ்க்கையிலேயே வழக்காக வந்து நின்றது. எவை மாறினாலும் ஒருவர் அவராகவே இருப்பார்? எது மாறினால் வேறொருவர் ஆவார்?

பெர்னாண்டசு 1610இல் தம் மேலதிகாரிகளுக்கு முறையிட்டார். உடையையும் உணவையும் மாற்றிக்கொண்ட நொபிலி இந்துவாகவே மாறிவிட்டார் என்பது குற்றச்சாட்டின் சாரம். நொபிலியிடம் வந்து திருமுழுக்குப் பெற்றவர்களும் குடுமியை வைத்துக்கொண்டனர், அந்தணர் பூணூலைக் களையவில்லை, சந்தனம் பூசினர், வழக்கம்போல் நீராடினர். செய்தி ஐரோப்பாவுக்குச் சென்றது. பெல்லார்மினே முதலில் வருந்தினார். நொபிலியின் விளக்கத்தைப் படித்தபின்னரே அவர் மனம் அமைந்தது.

நொபிலி இலத்தீனில் விரிவான மறுமொழிகள் எழுதினார். 1613இல் எழுதிய நூலில் இந்நாட்டு வழக்கங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். வழிபாட்டுக்கென்றே உள்ள அடையாளம் வேறு. குலத்தையும் கல்வியையும் மதிப்பையும் காட்டும் அடையாளம் வேறு. குடுமியும் நூலும் இரண்டாம் வகையின. அவற்றை வைத்துக்கொண்டே ஒருவர் முழுக் கிறித்தவராக இருக்க இயலும் என்பது அவர் நிலை. உள்ளியல்பையும் மேலேறிய பண்பையும் பிரித்தறியும் மெய்யியல் முறையை அவர் சந்தனத்திற்கும் நூலுக்கும் பொருத்திக் காட்டினார் என்று கூறலாம்.

1619இல் கோவாவில் பேராயர் முன்னிலையில் அறிஞர் அவை கூடியது. நொபிலி நேரில் சென்று வாதிட்டார். பெரும்பான்மையோர் அவருக்கு எதிராகவே நின்றனர். வழக்கு உரோமைக்குச் சென்றது. 1623 சனவரி 31ஆம் நாள் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி, சில வரையறைகளோடு நூலையும் குடுமியையும் சந்தனத்தையும் நீராடலையும் அனுமதித்து ஆணையிட்டார்.

இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. சாதி அடையாளங்களை வெறும் உலக வழக்கு என்று கொண்டதால், சாதியையும் நொபிலி உலக வழக்காகவே ஏற்றுக்கொண்டார். ஒடுக்கப்பட்ட மக்களோடு வெளிப்படையாகப் பழகுவதை அவர் தவிர்த்தார். அவர்களிடையே பணியாற்றுவதற்கென 1640இல் பல்தசார் தா கோசுத்தா பண்டாரசாமி என்னும் வேறு கோலம் பூணவேண்டியதாயிற்று. முன்பு பள்ளியாசிரியர் கேட்ட வினாவை மீண்டும் நினைவுகூர்வோம். மக்களின் ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் என்ன? முன்வினை என்றது ஒரு பக்கம். தலையும் காலும் வெவ்வேறு பணி செய்தாலன்றி உடல் இயங்காது, அதுபோல் உலகியலுக்கு இவ்வேறுபாடு தேவை என்றார் நொபிலி. அவருடைய வாதங்களுள் மிகவும் வலுவற்றது இதுவே எனத் தோன்றுகிறது. பார்வையின்மைக்குக் காரணம் மனிதரிடம் இல்லாதிருக்கலாம். தீண்டாமைக்குக் காரணம் மனிதரே. அது இல்லாத உலகம் இயலக்கூடியது என்பதை இரு பக்கத்தாரும் எண்ணிப்பார்க்கவில்லை.

வாதத்திற்கேற்ற உரைநடை

நொபிலிக்கு முன்பே தமிழில் உரைநடை இருந்தது. பண்டைய உரையாசிரியர்களின் நடை நாம் அறிந்ததே. அண்ட்ரிக் அடிகளாரின் தம்பிரான் வணக்கம் 1578இல் அச்சேறிற்று. ஆனால் ஒரு கொள்கையை எடுத்து, தடை எழுப்பி, விடை கூறி, மீண்டும் தடை எழுப்பி நடத்திச்செல்லும் நீண்ட வாதத்தைச் செய்யுளின் துணையின்றித் தனி உரைநடையாகவே நூல் நூலாக எழுதியவர் என்ற வகையில் அவருக்குத் தனியிடம் உண்டு. ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம், தூடண திக்காரம், நித்திய சீவன சல்லாபம் முதலியவை அவர் இயற்றியவை. இவற்றுள் ஆத்தும நிர்ணயம் உயிரின் இயல்பை ஆராய்வது.

அந்நடையை இன்று படிப்போர்க்கு அது கடினமாகத் தோன்றும். வடசொற்கள் மிகுதி, வாக்கியங்கள் நீளமானவை. ஒரு சொல்லை எய்த அவர் பட்ட பாட்டை எண்ணினால் அக்குறை பெரிதாகத் தோன்றாது. இலத்தீனில் பல நூற்றாண்டுகளாகத் தேய்ந்து பதமான கலைச்சொற்களுக்கு இணையாக, கேட்போர் முன்பே அறிந்த சொற்களைத் தேடவேண்டியிருந்தது. சருவேசுரன், குரு, வேதம், பூசை, அருள் முதலிய சொற்களைத் தயங்காமல் எடுத்தாண்டார். ஒரு சொல் நெறி மாறியபின்னும் அதே சொல்லாக இருக்குமா என்னும் ஐயம் அன்றே சிலருக்கு எழுந்தது.

இறுதி ஆண்டுகள்

1623க்குப்பின் நொபிலி திருச்சிராப்பள்ளி, சேந்தமங்கலம், சேலம் ஆகிய பகுதிகளுக்கு நடந்தே சென்றார். திருமலை நாயக்கர் ஆட்சியில், 1640இல், மதுரையில் சிறைப்பட்டார். உடைமைகள் பறிக்கப்பட்டன. பின்னர் விடுதலை கிடைத்தது. அதற்குள் முதுமை வந்துவிட்டது, பார்வையும் மங்கியது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாழ்ந்த மதுரை நாட்டைவிட்டு, சபைத் தலைவர்களின் ஆணைப்படி யாழ்ப்பாணத்திற்கும், அங்கிருந்து மயிலாப்பூருக்கும் சென்றார்.

மயிலாப்பூரிலும் அவர் தம் வழக்கங்களை மாற்றிக்கொள்ளவில்லை. சிறு குடிலில் தங்கி, எளிய மரக்கறி உணவே உண்டார். கண்பார்வை ஏறக்குறைய அற்ற நிலையில், உடனிருந்தோர் படிக்கக் கேட்டுத் தம் நூல்களைத் திருத்தினார். தாம் கூற அவர்கள் எழுதினர். 1656 சனவரி 16ஆம் நாள் அங்கேயே மறைந்தார். அவருடைய தமிழ் நூல்கள் கையெழுத்துப் படிகளாகவே நெடுங்காலம் வழங்கின. இருபதாம் நூற்றாண்டின் அறுபதுகளில் இயேசு சபையைச் சேர்ந்த ச. இராசமாணிக்கம் அடிகளார் அவற்றுள் பலவற்றை ஒப்பிட்டுப் பதிப்பித்தார். புனர்சென்ம ஆட்சேபமும் அவற்றுள் ஒன்று.